பேய்க்கு எதற்கு ‘ங்க’?

“ஏன்டி, ஒரு பேய் உன்ன ‘வாங்க’ன்னு மரியாதையாக் கூப்பிட்டா நீ பயப்படுவியா, சிரிப்பியா?”

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு எனக்கு வந்த போன் இது. ஒரு கையில் தோசைக் கரண்டி, இன்னொரு கையில் போன். தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியிடம் கேட்கிற கேள்வியா இது?

“சிரிப்பேன்” என்றேன். யோசிக்கவே இல்லை.

தோசை ஒரு ஓரமாகத் தீய ஆரம்பித்தது. அப்புறம், “அப்ப என் பொழப்பு போச்சுடி...” என்று ஒரு குரல். வழக்கமாக அந்தக் குரல் கேட்டால் தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் நம் கையைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்கு அந்தக் குரலே நடுங்கியது.

பேசியது சாந்தி.

சாந்தியை உங்களுக்குத் தெரியும். ஆனால் முகம் தெரியாது. கதாநாயகன் பாத்ரூம் கண்ணாடியில் முகம் கழுவிவிட்டு நிமிர்வான். பின்னால் முடியை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு உருவம் நிற்கும். கூரையில் பல்லி மாதிரி ஒருத்தி ஒட்டிக்கொண்டிருப்பாள். கதாநாயகி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், அங்கே ஒருத்தி ஏற்கெனவே படுத்திருப்பாள். இவற்றில் பாதியாவது என் தோழி சாந்தி. பாலக்கோட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவள். பதினைந்து வருடங்களுக்கும் மேலாகத் தமிழ் சினிமாவில் பேய்.

எல்லாப் படத்திலும் ஆத்மா சாந்தியடையாமல் அலைபவளின் பெயர் சாந்தி. இந்த ஜோக்கைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அவள் நடிகையானது ஒகேனக்கல்லில். காலேஜில் படிக்கும்போது ஒரு படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். கதாநாயகி பாறை மேல் முடியை விரித்துப் போட்டுப் பிணமாகக் கிடக்க வேண்டும். அவருக்கோ சளி, தண்ணீர் படக்கூடாதாம். உதவி இயக்குநர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்தார். சாந்தியின் ஜடை அப்போது முழங்காலைத் தொடும். “கொஞ்சம் வர்றீங்களாம்மா?” என்றார். இவள் என்னைப் பார்க்கவில்லை, வீட்டை நினைக்கவில்லை. “வர்றேங்க” என்று போய்ப் படுத்துவிட்டாள். அவ்வளவு தத்ரூபமாகக் கிடந்தாள். நான்தான் பயந்து போய், “ஏய், எழுந்திருடி” என்று கத்தி அந்த ஷாட்டைக் கெடுத்தேன். சினிமாவுக்கு என் பங்களிப்பு அது ஒன்றுதான்.

அந்தப் படம் தருமபுரிக்கு வந்தபோது அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். படம் முடிந்து வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: “நீ எங்கடி வந்த? நான் பாக்கவே இல்லயே!”

“பாறை மேல விரிச்சுக் கெடந்துச்சே ஒரு முடி... அது நான்தாம்மா.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “அந்த முடிக்கு எண்ண தேச்சு வளத்தவ நானு. அப்ப நடிச்சது நானா, நீயா?”



அப்புறம் முடியிலிருந்து முதுகு, முதுகிலிருந்து கை என்று படிப்படியாக முன்னேறினாள். ஒரு படத்தில் ஒருவழியாக முகம் வந்தது. ஆனால் அந்த முகத்தில் மேக்கப்காரர் போட்ட வெட்டுக்காயத்தையும் வெள்ளை முழியையும் தாண்டி அவளைக் கண்டுபிடிக்க அவள் அம்மாவால்கூட முடியவில்லை.

ஊரில் மட்டும் அந்த முகத்துக்கு நல்ல மவுசு. அவள் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி அந்த முகத்தை ஆளுயர பிளெக்ஸாக அடித்துத் தக்காளித் தோட்டத்தின் நடுவில் நட்டுவிட்டார். கண் திருஷ்டிக்கு! சாந்தி நேரிலேயே போய், “என்னாங்க இது?” என்று சண்டைக்கு நின்றாள். அவர் கும்பிடு போட்டார். “கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க மூஞ்சி ராசியான மூஞ்சி. இந்த வருசம் காய் சும்மா கொத்துக் கொத்தாப் புடிச்சிருக்குதுங்க.” இவள் என்ன சொல்வாள்? சினிமாக்காரர்கள் காட்டாத முகத்தைத் தக்காளிக்காரராவது காட்டினாரே என்று திரும்பி வந்துவிட்டாள். வரும்போது ஒரு பை தக்காளி வேறு.

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். பந்தியில் எல்லாரும் சாம்பாருக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒரு பெரியப்பா, “அந்தச் சிரிப்ப ஒரு தரம் சிரிச்சுக் காட்டும்மா” என்பார். அவளும் சிரிப்பாள். சமையல்காரர் கரண்டியைக் கீழே போடுவார்.

அவளுக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அதே யூனிட்டில் லைட்மேன். இவள் திரையில் வரும்போதெல்லாம் மின்னல் போட்டவர் அவர்தான். யாருக்கு முதலில் ஷாக் அடித்தது என்பதை மட்டும் இரண்டு பேரும் சொல்ல மறுக்கிறார்கள்.

சரி, பேய் எப்படி எழுத்தாளர் ஆனது?

பேய் மேக்கப் போட நாலு மணி நேரம் ஆகும். கண்ணைத் திறக்கக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. மனம் மட்டும் சும்மா இருக்குமா? ஒருநாள் மேக்கப் முடிந்ததும் டைரக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்: “சார், இந்தப் பேய் ஏன் சார் பழிவாங்குது?”

“பேய்னா பழிவாங்கும்மா.”

“அதுக்கில்ல சார். செத்த பின்னாடியும் ஒருத்தி சும்மா இருக்க முடியாம திரும்பி வர்றான்னா, உசுரோட இருக்கும்போது அவ என்னென்ன பொறுத்துக்கிட்டு இருந்திருப்பா? அத யாருமே சொல்ல மாட்டேங்கறீங்களே...”

டைரக்டர் முழித்தார். அந்தப் பேய்க்கு ஒரு பிளாஷ்பேக் வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் தோன்றியது. “நீயே ஏதாவது எழுதிக் குடேன்” என்றார். கால்ஷீட் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். படம் ஓடியது. ஜனங்கள் அந்த பிளாஷ்பேக்கைத்தான் பேசினார்கள். திரைக்கதை என்று வேறொருவர் பெயர் வந்தது. சாந்தியின் பெயர் கடைசியில் ‘நன்றி’ பட்டியலில் இருந்தது. ஜெனரேட்டர் கொடுத்தவருக்குக் கீழே, மோர் கொடுத்தவருக்கு மேலே.

இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. ஏழெட்டுப் பேய்களுக்குக் காரணம் எழுதியவள் அவள். ஒன்றில்கூட எழுதியவள் என்று அவள் பெயர் இல்லை. எனக்குக் கோபம் வரும். “விடுடி, ஒருநாள் நானே முழுசா எழுதுவேன்” என்பாள்.

அந்த ஒருநாள்தான் போன வாரம் வந்தது. மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு முழுத் திரைக்கதை எழுதினாள். தயாரிப்பாளர் கிடைத்தார், டைரக்டர் கிடைத்தார். ‘திரைக்கதை, வசனம்: சாந்தி’ என்று டைட்டில் கார்டு போடுவதாகப் பேச்சு. எல்லாம் கூடிவந்த நேரத்தில் குறுக்கே வந்து நின்றது இரண்டே எழுத்து.

‘ங்க’.

கதை இதுதான். பொன்னி என்று ஒரு மருமகள். எங்கள் பக்கத்துப் பெண். அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டவர் மாமனார். (ஏன் என்று கேட்காதீர்கள், நீங்கள் டிக்கெட் வாங்க வேண்டும்.) செத்துப் போன பொன்னி திரும்பி வருகிறாள். வந்து மாமனாரிடம் எப்படிப் பேசுகிறாள்? உயிரோடு இருந்தபோது எப்படிப் பேசினாளோ அப்படியே. “மாமா, எழுந்திரிங்க. மணி ரெண்டாச்சுங்க. கெணத்துக்குப் போலாம் வாங்க.”

டைரக்டர் சென்னைக்காரர், இளைஞர், கெட்டவர் இல்லை. ஆனால் இதைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாராம். “அக்கா, ‘ங்க’ன்னு சொன்னாலே தியேட்டர்ல சிரிக்கிறாங்க. நம்ம சினிமால இந்தப் பேச்சு பேசினா ஒண்ணு காமெடியன், இல்ல வெகுளியான கதாநாயகி. பேய் பேசினா படம் காலி. ‘டேய்... வாடா’ன்னு இருக்கணும்க்கா. அப்பதான் கெத்து.”

“எங்க ஊருல மருமக மாமனார ‘டேய்’ங்க மாட்டா சார். செத்தாலும் சொல்ல மாட்டா.”

“செத்த பிறகு என்னக்கா மரியாதை?”

வாக்குவாதம் முற்றியது. வசனத்தைச் சரிசெய்ய வேறொரு எழுத்தாளர் தயாராக இருப்பதாகத் தயாரிப்பாளர் தரப்பில் சொல்லிவிட்டார்கள். அவர் உள்ளே வந்தால் டைட்டிலில் அவர் பெயர். சாந்தி? மறுபடியும் ஜெனரேட்டருக்குக் கீழே.

இந்த நிலைமையில்தான் காலை ஒன்பது மணிக்கு அவள் என்னிடம் கேட்டாள். நானும் கரண்டியை ஆட்டிக்கொண்டு ‘சிரிப்பேன்’ என்று சொல்லிவைத்தேன். நல்ல தோழி!

டைரக்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு பக்கம் கிணறு பார்க்க வருவதாக இருந்தது. பெண் பார்க்க வருவதுபோல நாலைந்து கிணறுகளை வரிசையாகப் பார்த்து ஒன்றை முடிவு செய்வார்களாம். சாந்தி அவரிடம் ஒரு பந்தயம் வைத்தாள். “எங்க ஜனங்ககிட்ட இதப் படிச்சுக் காட்டறேன். அவங்க கடைசி வரைக்கும் சிரிச்சா எல்லா ‘ங்க’வையும் நானே அடிச்சிடறேன். அந்த ரைட்டர் பேரையே போட்டுக்கங்க. பயந்துட்டா ஒரு ‘ங்க’ மேலயும் கை வெக்கக் கூடாது. என் பேரு மட்டும்தான் வரணும்.”

டைரக்டர் ஒப்புக்கொண்டார். ஜெயிப்பது உறுதி என்றால் யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்?

இடம் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். என் கொழுந்தனாரின் தக்காளி மண்டி. ஞாயிறு காலை ஏலம் முடிந்து பதினோரு மணிக்கு மேல் அங்கே ஆட்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். ஆனால் போய் நின்ற பிறகுதான் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பேய்க் கதை படிக்க இதைவிடக் கேவலமான இடம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. மேலே தகரக் கூரை, சுள்ளென்று வெயில். சுற்றிலும் பிளாஸ்டிக் பெட்டிகளில் சிவப்புச் சிவப்பாகத் தக்காளி. வெளியே ஒரு டிராக்டர் குத்துப்பாட்டு போட்டுக்கொண்டு நின்றது. இந்த வெளிச்சத்தில் பேயே வந்தாலும் கர்ச்சீப்பால் விசிறிக்கொண்டு நிழல் தேடும்.

கேட்க வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். பெரும்பாலும் தக்காளியைத் தரம் பிரிக்கும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி கோவிந்தம்மா. காயைப் பார்க்காமலேயே கையால் தடவி அடிபட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். கதை கேட்கும்போதும் அவர் கை நிற்கவில்லை. அப்புறம் சில லோடுமேன்கள். அவர்களில் முனுசாமி மட்டும் வாசலில் நின்ற வண்டிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். “நீங்க படிங்கம்மா, எனக்குக் காது கேக்குது” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டினார்.

சாந்தி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள். மேக்கப் இல்லை, விரித்த முடி இல்லை. சாதாரணச் சுடிதார், கண்ணாடி. படிக்க ஆரம்பித்தாள். பொன்னி வாழ்ந்த வீடு, கிணறு, மாமனார் எல்லாம் வந்தன. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமனார் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் தூங்குகிறார். கால்மாட்டில் ஈரப் புடவையோடு பொன்னி நிற்கிறாள்.

“மாமா, எழுந்திரிங்க. மணி ரெண்டாச்சுங்க...”

யாரோ ‘களுக்’கென்று சிரித்தார்கள்.

அந்த யாரோ நான்தான்.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. வெயில், டிராக்டர் பாட்டு, மணி இரண்டு என்று அலாரம் அடிக்கும் பேய்... வந்துவிட்டது. ஒருத்தி சிரித்தால் போதாதா? மண்டி முழுக்கச் சிரித்தது. “பேயி நல்ல மருமவதான் போலிருக்குது” என்றாள் ஒருத்தி. “எங்கூட்டு மருமவ உசுரோட இருக்கும்போதே இப்படி எழுப்ப மாட்டா” என்றாள் இன்னொருத்தி. அடுத்த வசனம், “பயப்படாதீங்க மாமா, தண்ணி ஜில்லுன்னுதான் இருக்குதுங்க.” அதற்கும் சிரிப்பு.

டைரக்டர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ‘நான் சொல்லல?’ என்று அர்த்தம். சாந்தி என்னைப் பார்க்கவே இல்லை. மூன்று வருட உழைப்பை முதல் ஆளாகச் சிரித்துக் கெடுத்துவிட்டேனே! எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

சாந்தி பேப்பரை மடித்தாள். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். “அடுத்த சீன் படிக்க மாட்டேன். சொல்றேன்” என்றாள். எழுந்தாள். மெதுவாக வாசல் பக்கம் நடந்தாள். வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றாள். பெரிய குரலெல்லாம் இல்லை. வீட்டு வேலைக்கு நடுவில் கூப்பிடுகிற குரல்.

“மாமா... செத்த வெளிய வாங்க.”

தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த முனுசாமி திரும்பாமலே சொன்னார்: “இதா வந்துட்டேம்மா.”

முதலில் சிலர் சிரிக்க வாயெடுத்தார்கள். அதற்குள் கோவிந்தம்மாவின் கை நின்றது. கையிலிருந்த தக்காளி கீழே விழுந்தது.

“அட மனுசா! மொதத் தரத்துலயே குரல் குடுத்துட்டியே!”

மண்டி கப்சிப். டிராக்டர்காரர்கூட என்னமோ ஏதோ என்று பாட்டை நிறுத்தினார். முனுசாமி கயிற்றோடு திரும்பினார். எதிரே நிற்பது சாந்தி. அவள் பார்த்த பார்வையைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. கருப்பான மனிதர், முகம் சாம்பல் பூத்துவிட்டது.

டைரக்டர் என் காதருகில் வந்தார். “என்ன மேடம் ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படி ஆயிட்டாங்க?”

சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் உடனே பதில் குரல் கொடுக்கக் கூடாது. மூன்று தரம் கூப்பிடட்டும் என்று பேசாமல் இருக்க வேண்டும். மூன்றாவது தரமும் கூப்பிட்டால் மனுஷர். பேய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாதாம். அதற்கு முன்னாலேயே ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டால் போச்சு, போய்த்தான் ஆக வேண்டும். இதைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. முனுசாமிக்கும் தெரியும்.

“தெரிஞ்சுமா பதில் சொன்னீங்க?” டைரக்டர் முனுசாமியிடமே கேட்டார்.

முனுசாமி கயிற்றைக் கீழே போட்டார். “‘வாங்க’ன்னு மரியாதையாக் கூப்புட்டாங்க சார். வாய மூடிக்கிட்டு எப்பிடிங்க இருக்கறது?”

“‘டேய், வாடா’ன்னு கூப்பிட்டிருந்தா?”

“எவன்டா அவன்னு கேட்டுட்டு நான் பாட்டுக்குக் கயிறு கட்டிக்கிட்டு இருந்திருப்பேன். ‘டேய்’னா எவன் சார் போவான்?”

அந்த நிமிடத்தில்தான் எனக்கும் சாந்தி என்ன எழுதியிருக்கிறாள் என்று உறைத்தது. அந்த மாமனாருக்கும் மூன்று தரக் கணக்கு தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஆனால் வெளியே பொன்னி ‘வாங்க’ என்பாள். வாழ்நாள் முழுக்க அந்த ‘வாங்க’வுக்கு ‘வர்றேன்’ சொல்லிப் பழகிய நாக்கு. அது அவரைக் கேட்டுக்கொண்டா பேசும்? பேய் கையைப் பிடித்து இழுக்கவே வேண்டாம். மரியாதையே இழுத்துவிடும்.

சாந்தி பெட்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் அதே வசனத்தைச் சொன்னாள். “பயப்படாதீங்க மாமா, தண்ணி ஜில்லுன்னுதான் இருக்குதுங்க.”

பத்து நிமிடத்துக்கு முன்னால் இதற்குத்தான் எல்லாரும் சிரித்தோம். இப்போது ஒரு பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த வெயிலில்! எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். எறும்பு. இருந்தாலும் பயந்தது பயந்ததுதான்.

கதை முடிந்தது. என் கொழுந்தனாருக்கு இதெல்லாம் தெரியாது. ஆபீஸ் ரூமிலிருந்து எட்டிப்பார்த்து, “டீ வந்திருச்சு, எல்லாரும் வாங்க” என்று கூப்பிட்டார். பதினைந்து பேரில் ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே! அவர் மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் எல்லாரும் ஒரே நேரத்தில், “வர்றோம்” என்று பெருமூச்சு விட்டார்கள். முனுசாமி மட்டும் டீக்குப் போகவில்லை. கோவிந்தம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

டைரக்டர் அப்போதும் பிடிகொடுக்கவில்லை. “இங்க ஓகேக்கா. ஆனா சென்னைல இந்தக் கணக்கெல்லாம் தெரியாதே?” என்று சொல்லிக்கொண்டே காரை நோக்கி நடந்தார். சாந்தி பின்னாலேயே போனாள். அவள் முகம் தொங்கிவிட்டது. பந்தயத்தில் ஜெயித்தும் தோற்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம் அன்றைக்கு அதுதான்.

கார் கதவில் அவர் கை வைக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“தம்பி... ஒரு நிமிசம் நில்லுங்க.”

டைரக்டர் ‘ஆ’ என்று வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்படியே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. கண் மட்டும் சாந்தியைத் தேடியது.

“தம்பி, உங்களத்தானுங்க...”

மூச்சுகூட விடவில்லை, பாவம்.

கோவிந்தம்மா மூச்சிரைக்க ஓடி வந்து முன்னால் நின்றார். கையில் ஒரு பை. “நல்ல காயாப் பாத்துப் பொறுக்கி வெச்சேன். சென்னைக்கு எடுத்துட்டுப் போங்கன்னு கூப்புட்டா, காது கேக்காதவரு மாதிரி நிக்கறீங்களே!”

டைரக்டர் பையை வாங்கினார். நெற்றி வேர்வையைத் துடைத்தார். சென்னையில் பிறந்து சென்னையில் வளர்ந்த மனிதர்! எங்கள் ஊருக்கு வந்து சரியாக மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, “அக்கா, ஒரு ‘ங்க’வும் எடுக்க வேண்டாம்” என்றார்.

அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பேய் சொல்வதில் உண்மை இருக்கிறது. நம்மை ‘டேய்’ என்று கூப்பிட்டவன் எவனாவது நம்மைக் கவிழ்த்திருக்கிறானா? அவனிடம் சட்டையை மடித்துவிட்டுத் தயாராக நிற்போம். நாம் விழுந்ததெல்லாம் ‘ங்க’வில்தான். “ரெண்டே நிமிஷம் வந்துட்டுப் போங்க” என்று கூப்பிட்ட விழாவில் நாலு மணி நேரம் மேடையில் உட்கார்ந்து பொன்னாடைக்குக் காத்திருந்திருக்கிறேன். “நீங்க வந்தாத்தாங்க சரியா இருக்கும்” என்ற ஒரு வார்த்தைக்காகக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி, தெருவில் அடைத்த சாக்கடைக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “ஒரு பத்தி எழுதிக் குடுங்க மேடம்” என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார். முதல் தரத்திலேயே ‘சரி’ என்று குரல் கொடுத்துவிட்டேன். வாரா வாரம் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். என்னோடு சேர்ந்து நீங்களும்.

சாந்தியும் அப்படித்தானே ஒகேனக்கல் பாறையில் போய்ப் படுத்தாள்? பாவி உதவி இயக்குநர், மரியாதை தெரிந்தவர்.

புதன்கிழமை ஒப்பந்தப் பத்திரம் வந்தது. சாந்தி அவள் அம்மா வீட்டில்தான் இருந்தாள். என்னையும் வரச் சொன்னாள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, அன்றைக்கு முதலில் சிரித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். “தெரியும்டி. ஆறாங்கிளாஸ்ல இருந்து கேக்கற சிரிப்புதான?” என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பத்திரத்தில் மூன்றாவது பக்கத்தில் இருந்தது அந்த வரி. ‘திரைக்கதை, வசனம்: சாந்தி’. கூடவே வேறு பெயர் எதுவும் இல்லை. அவள் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நாலு தரம் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடியும் படித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

அவள் கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவை மூடினாள். “எப்படிடி இருக்குது?” என்று கேட்டேன்.

“இத்தன வருசமாச் செத்துச் செத்துப் பொழச்சேன்டி... இனிமே எழுதிப் பொழச்சுக்குவேன்.”